எந்த அறைக்கு எந்தக் கம்பளம்: டெல்டாவிலிருந்து குளிர்நாடு செல்பவர்களுக்கு

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தரை என்பது கழுவி விடுகிற பொருள். போகிக்கு முன்பு கூடத்துச் சாமான்களைத் திண்ணைக்கு மாற்றிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் முற்றத்துச் சலதாரை வரை தள்ளிவிட்டால், சிவப்புச் சிமெண்ட் தரை சற்று நேரத்தில் காய்ந்து பளபளக்கும். இங்கிலாந்திலோ கனடாவிலோ சுவருக்குச் சுவர் பொருத்தியிருக்கும் கம்பளத்தில் இது எதுவும் நடக்காது. அதைத் தூக்கி வெயிலில் உதறவும் முடியாது. அங்கே பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு அரசலாற்றங்கரைக்குத் திரும்பியிருக்கும் என்னிடம், புறப்படுகிறவர்கள் குளிருடையைப் பற்றிக் கேட்கிறார்களே தவிர, தரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்: ஒவ்வோர் அறைக்கும், அங்கே தரையில் என்ன சிந்தும் என்பதை யோசித்துக் கம்பளத்தைத் தேர்ந்தெடுங்கள், நிறத்தையும் மென்மையையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சில ஆண்டுகள் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள். அங்கே கம்பளம் வீட்டுக்காரருடையது. சாவி வாங்கிய அன்றே ஒவ்வோர் அறையிலும் உள்ள பழைய கறைகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, ஆள் வைத்துச் சுத்தம் செய்வதற்கென்று தனியாகப் பணம் கட்டும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் குடிவந்தபோது இருந்த சுத்தத்தில் வீட்டை ஒப்படைப்பது உங்கள் கடமை. நடந்து நடந்து இழை தேய்வதற்கு முன்பணத்தில் பிடிக்க மாட்டார்கள், மஞ்சள் கறைக்குப் பிடிப்பார்கள்.

சொந்த வீடு வாங்கிய பிறகு கடைக்குப் போனால், கம்பளி, நைலான், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் என்ற நான்கு பெயர்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். பிரிட்டனில் எண்பது பங்கு கம்பளியும் இருபது பங்கு நைலானும் கலந்தது மிகவும் பழகிய வகை. மாதிரித் துண்டு கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அதிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மறுபடி மேலே வந்து மிதக்கும். மற்ற மூன்றும் நனைந்தபின் அடியில் போய்த் தங்கும். பிறகு மாதிரித் துண்டை வெளிப்புறமாக வளைத்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே அடித்துணி பல்லிளித்தால் அது நெருக்கமில்லாத நெசவு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடமாட்டமுள்ள இடத்துக்கு வாங்க வேண்டாம்.

கூடம் என்று நாம் சொல்லும் முன்னறைதான் சிக்கலானது; நம் வீடுகளில் சாப்பாடு, குழந்தை, விருந்தாளி எல்லாம் அங்கேதான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நாங்கள் சந்தன நிறத்தில் கம்பளிக் கலவையைப் போட்டோம். மூன்றாவது மாதமே ஒரு கிண்ணம் சாம்பார் கவிழ்ந்தது. பதற்றத்தில் சலவைத்தூளைக் கரைத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே செக்கச்செவேலென்று மாறியது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைப்பதைச் சிறு வயது முதல் பார்த்தவன், சுண்ணாம்பு, சலவைத்தூள் போன்ற காரப்பொருள் (அல்கலி) பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். வினிகர் கலந்த தண்ணீரை ஒற்றியதும் சிவப்பு மறைந்தது, மஞ்சள் அப்படியே நின்றது. கம்பளியும் நைலானும் சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் இழைகள் என்பதே காரணம். வெளிச்சத்தில் மஞ்சள் மங்கும் என்பதால், சன்னலோரமாக இருந்த அந்த இடம் ஒரு கோடைக்காலம் முழுவதும் வெயில் பட்டுத்தான் ஓரளவு தெளிந்தது.

கூடத்தில் அமர்ந்து சாப்பிடும் குடும்பத்துக்குப் பாலிபுரொப்பிலீன் ஏற்றது என்று அதன் பிறகு முடிவு செய்தேன். அந்த இழை தண்ணீரையோ சாயத்தையோ உறிஞ்சாது. சாம்பாரும் காப்பியும் பெரும்பாலும் துடைத்தால் வந்துவிடும். குறைகளும் உண்டு: எண்ணெயை அது விடாமல் பிடித்துக்கொள்ளும், கனமான நாற்காலியை இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளவென்று ஒரு கோடு விழும், நெருப்புப் பட்டால் உருகும். எந்தக் கம்பளமானாலும் சிந்தியதை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இழையின் முறுக்குப் பிரிந்து அந்த இடம் பஞ்சுபோல் நிற்கும். இலை போட்டுச் சாப்பிட ஊரிலிருந்து கோரைப்பாய் கொண்டுபோகிறவர்கள், பாயின் இடுக்கு வழியே ரசம் இறங்கும் என்பதால், அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் போட்டுக்கொள்வது நல்லது.

பூசை மூலைக்குக் கம்பளமே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவுக்கு மட்டும் ஓடு பதிக்க முடியாவிட்டால், நாச்சியார்கோவில் விளக்கின் கீழே அகலமான பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். கம்பளி இழை எளிதில் பற்றி எரியாமல் கருகும் என்றாலும், விளக்கெண்ணெய் சிந்திய கம்பளியைச் சுத்தம் செய்வது தனிப் பாடு.

மாடிப்படி விரைவில் தேயும் இடம். படியின் விளிம்பில்தான் முழு எடையும் விழுகிறது. நெருக்கமாக முறுக்கிய நைலானோ கம்பளிக் கலவையோ அங்கே போடலாம். வளைய வளையமாக நெய்த வகை வேண்டாம், ஒரு நூல் சிக்கி இழுபட்டால் வரிசையாகப் பிரிந்து வரும். கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தை விரிப்பும் (அண்டர்லே) படிக்குத் தடிமன் குறைந்து, கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் கால் வழுக்கும். படுக்கையறையில் நடமாட்டம் குறைவு என்பதால் மென்மையான பாலியெஸ்டர் போதும், பணமும் மிஞ்சும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் நீண்ட இழை உள்ளதைத் தவிருங்கள். தூசிப்பூச்சி அதில் தங்கும்.

சமையலறையிலும் குளியலறையிலும் கம்பளம் போடவே கூடாது. பழைய ஆங்கிலேய வீடுகள் சிலவற்றில் குளியலறையிலேயே அதைப் பார்த்து நீங்கள் திகைக்கலாம். வாங்கியதும் எடுத்துவிட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக் தரைவிரிப்பைப் போட்டுவிடுங்கள். கனடாவில் நிலவறைச் சிமெண்ட் தரையில் ஈரம் ஏறும், ஆகவே அங்கும் யோசித்துத்தான் போட வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு செருப்போடு உள்ளே வந்து வெள்ளை வெள்ளையாகப் படியும். வாசலிலேயே காலணியைக் கழற்றும் வழக்கம் நமக்கு இருப்பதுபோல் அங்கும் இருப்பதால், நிலைப்படிக்கு உட்புறம் ஓடு பதித்த தரையும் ஒரு முரட்டுக் கால்மிதியும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

அளவெடுக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் சுருள்கள் பெரும்பாலும் 4 மீட்டர் அல்லது 5 மீட்டர் அகலத்திலும், வட அமெரிக்காவில் 12 அடியிலும் வருகின்றன. அறையின் அகலம் 4 மீட்டருக்கு ஒரு சாண் கூடுதலாக இருந்தால், 5 மீட்டர் சுருளை வாங்கி மிச்சத்தை வெட்டி எறியவேண்டும், அல்லது நடுவில் ஒட்டுப் போடவேண்டும். கதவு பதியும் இடத்தின் ஆழத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். பொருத்த வந்தவர் அவற்றை வண்டியில் ஏற்றும் முன் கேட்டு வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரியில் வையுங்கள். புதிதாக வாங்கும் எந்தச் சுத்தம் செய்யும் திரவத்தையும் முதலில் அந்தத் துண்டில் ஊற்றிப் பார்க்கலாம்.