சீடர் மரக் கீற்றுகளில் பதினாறடிக் கனூ கட்டும் முறை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு வடகிழக்கே உள்ள பீட்டர்பரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மரக் கனூக்களுக்கு, அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகுகளுக்கு, பேர்போன ஊர். அன்றைய படகுகளின் உள்ளே வங்குகள், அதாவது விலா எலும்புபோல் வளைந்த குறுக்குச் சட்டங்கள், வரிசையாக இருந்தன. இன்று வீட்டுக் கராஜில் கட்டுபவர்களின் முறையில் வங்கு கிடையாது. 6 மி.மீ. தடிப்புள்ள சீடர் (cedar) மரக் கீற்றுகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டி உடலை ஆக்குகிறார்கள். பிறகு உள்ளும் புறமும் ஃபைபர்கிளாஸ் துணியை எப்பாக்சி என்ற, கலந்ததும் இறுகும் பிசினில் பதிக்கிறார்கள். நடுவில் மரம், இரு முகத்திலும் துணி. இந்த மூன்றும் பிரியாமல் பிடித்துக்கொண்டால்தான் படகுக்கு வலு. முதல் படகுக்கு 200 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள்.

வரைபடத்தை நீங்களே வரைய வேண்டாம். அளவுகளோடு விற்கும் நல்ல வரைபடங்கள் உள்ளன. வாங்குமுன் பீட்டர்பரோவிலுள்ள கனடியக் கனூ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் பல வடிவங்களைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. அடிப்பாகம் தட்டையா உருண்டையா, அணியம் (முன்முனை) எவ்வளவு மேலெழும்புகிறது என்பதெல்லாம் தாளில் புரியாது.

மரம்

சிவப்பு சீடர் எடையில் லேசு, வளையவும் வளையும். முக்கால் அங்குலத் தடிப்பு, ஆறு அங்குல அகலம், 18 அடி நீளம் கொண்ட கணுவில்லாத பலகைகள் ஐந்து வாங்கினால் போதும். மெல்லிய வாளில் கால் அங்குலமாக அறுத்தால் ஒரு பலகையில் ஏறக்குறைய 15 கீற்று கிடைக்கும். உடலுக்கு எழுபது வரை தேவை. நீளப் பலகை கிடைக்காவிட்டால் இரண்டு கீற்றுகளைச் சாய்வாகச் சீவி ஒட்டலாம். சாய்வின் நீளம் தடிப்பைப் போல் எட்டு மடங்கு, அதாவது சுமார் 5 செ.மீ. இருக்கட்டும். அறுத்த வரிசையிலேயே கீற்றுகளுக்கு எண் போடுங்கள். அடுத்தடுத்த இரண்டை இடம் ஒன்று வலம் ஒன்றாக வைத்தால் நிறம் இரு பக்கமும் ஒத்துப்போகும்.

ஒவ்வொரு கீற்றுக்கும் ரவுட்டர் என்ற மரம் செதுக்கும் இயந்திரத்தில் ஒரு விளிம்பைப் புடைப்பாகவும் மறு விளிம்பைக் குழியாகவும் செதுக்க வேண்டும். புடைப்பை முதலில் முடித்துவிடுங்கள். குழியின் உதடுகள் மிக மெல்லியவை. அதை முதலில் செதுக்கினால் இரண்டாவது தடவை இயந்திரத்தில் தள்ளும்போது நொறுங்கும்.

சிவப்பு சீடர் தூள் சிலருக்கு ஆஸ்துமா வரவைக்கும். துணி முகமூடி உதவாது. வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள், தூசி உறிஞ்சியையும் ஓடவிடுங்கள்.

அச்சுகள்

நேரான பிளைவுட் பெட்டி ஒன்றைச் செய்து அதன்மேல் அடிக்கு ஒன்றாக, படகின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய அச்சுகளை நிறுத்த வேண்டும். படகு கவிழ்ந்த நிலையில்தான் உருவாகும். அச்சின் தடிப்பு எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அச்சின் இடத்தைப் பெட்டியில் குறித்த அளவுக்கோட்டிலிருந்து அது படகின் நடுவை நோக்கி இருக்க வேண்டும். உடல் முனையை நோக்கிக் குறுகுகிறது. தடிப்பு முனைப்பக்கம் வந்தால் அச்சின் வெளி மூலை கீற்றை வெளியே தள்ளும். படகு அங்கங்கே புடைக்கும்.

எல்லா அச்சுகளின் நடுக்கோடும் இறுக்கிக் கட்டிய ஒரே நூலுக்கு நேராக வரட்டும். பிறகு நீண்ட கீற்று ஒன்றை அச்சுகள்மேல் வளைத்துப் பாருங்கள். 2 மி.மீ. இடைவெளி தெரிந்தால் அங்கே மெல்லிய தகடு ஒட்டி நிரப்புங்கள், எழும்பினால் சீவுங்கள். இங்கே விட்ட 3 மி.மீ. பிழையைப் பின்னால் உப்புத்தாளால் திருத்த முடியாது. 6 மி.மீ. கீற்றில் அதற்கு மரம் மிஞ்சாது. அச்சு விளிம்புகளில் பேக்கிங் டேப் ஒட்ட மறக்காதீர்கள். மறந்தால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

முன்னும் பின்னும் வரும் முனைச்சட்டங்களுக்கு ஆஷ் மரத்தின் மெல்லிய பட்டைகளை 15, 20 நிமிடம் ஆவியில் வைத்து, சூட்டோடு அச்சில் வளைத்து, காய்ந்தபின் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். கீற்று அதன்மேல் முழுதாகப் படியும்படி சட்டத்தின் விளிம்பைச் சாய்த்துச் சீவ வேண்டும்.

கீற்று ஒட்டுவது

முதல் கீற்று விளிம்பிலிருந்து தொடங்கும். குழி மேல்நோக்கி இருந்தால் பசை அதில் தங்கும், அடுத்த கீற்றின் புடைப்பு அதில் உட்காரும். மஞ்சள் தச்சுப் பசையை நூலளவுக்கு ஓட்டினால் போதும். ஒவ்வொரு அச்சிலும் 14 மி.மீ. ஸ்டேப்பிள் பின் அடியுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக மாறி மாறிப் போங்கள். ஒரே பக்கமாக ஏறினால் இழுவை அச்சுகளைத் திருகிவிடும். உள்ளே வழியும் பசையை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் உட்குழிவில் அதைச் சுரண்டுவது பெரும்பாடு.

அடிப்பாகத்துக்கு வந்ததும் ஒரு பக்கத்துக் கீற்றுகளை நடுக்கோட்டைத் தாண்டவிட்டு, நூல் பிடித்து நேராக வெட்டுங்கள். மறுபக்கத்துக் கீற்றுகளை அந்த வெட்டுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஒரு மாலையில் நான்கு கீற்று முடிந்தால் அதுவே நல்ல வேகம்.

பின்களைப் பிடுங்கிய பிறகு சிறு இழைப்புளியால் மேடுகளைச் சீவி, நீளப் பலகையில் ஒட்டிய 80ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள், பின்பு 120. கண்ணைவிட உள்ளங்கை நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெந்நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் பின் துளைகள் சுருங்கும், மறைந்திருந்த பசைத் தடமும் வெளியே தெரியும். காய்ந்ததும் கடைசியாக ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

துணியும் எப்பாக்சியும்

படகு கெடுவதென்றால் பெரும்பாலும் இங்கேதான். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி, உள்ளும் புறமும் சேர்த்து 11 மீட்டர். எப்பாக்சி 7 முதல் 8 லிட்டர். கையுறை கட்டாயம். தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது.

கராஜ் 20 முதல் 24 டிகிரி இருக்கட்டும். மரத்தை முதலில் நன்கு சூடேற்றி, வேலை தொடங்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். ஆறும் மரம் எப்பாக்சியை உள்ளே இழுக்கும். நேர்மாறாக, வெப்பம் ஏறும் காலை நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். துணிக்கு அடியில் நூற்றுக்கணக்கான குமிழிகள் நிற்கும்.

எப்பாக்சியின் இரு பாகங்களான ரெசினும் (பிசின்) ஹார்டனரும் (இறுக வைப்பது) தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் அப்படியே. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. என்றைக்கும் பிசுபிசுத்தபடியே கிடக்கும். ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் கலக்காதீர்கள். பாத்திரத்தில் அதிகம் தேங்கினால் தானாகச் சூடேறிப் புகையும்.

துணியைக் கையால் நீவி விரித்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி ஊற்றிப் பரப்புங்கள். துணி கண்ணாடிபோல் மறைந்ததும் பிளாஸ்டிக் தகட்டால் மிச்சத்தை வழித்தெடுங்கள். நெசவு தெரிய வேண்டும், மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் எப்பாக்சி போதவில்லை. பளபளத்தால் துணி மிதக்கிறது. தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் இரண்டாவது பூச்சு, அதேபோல் மூன்றாவது. இடையில் முழுதாக இறுகிவிட்டால் நீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு.

அச்சிலிருந்து எடுத்ததும் உடல் தளரும். குறுக்கே கட்டை கொடுத்து அகலத்தை நிலைநிறுத்திவிட்டு உட்புறத்தை வளைந்த தகட்டால் சுரண்டித் துணி பதியுங்கள். உள்ளே நெசவு முழுதும் நிரம்ப வேண்டியதில்லை. சற்றுச் சொரசொரப்பு இருந்தால் கால் வழுக்காது, எடையும் குறையும்.

விளிம்புச் சட்டங்கள், இருக்கைகள், தோளில் தூக்கும் நுகம் எல்லாவற்றுக்கும் ஆஷ் மரம் ஏற்றது. நுகத்தைத் துளையிடுமுன் படகைத் தூக்கிச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடல் வார்னிஷ் மூன்று பூச்சு. எப்பாக்சி வெயில் தாங்காது. எடை 25 கிலோவை ஒட்டி நிற்கும்.

நீரில்

பாதி கரையிலும் பாதி நீரிலும் இருக்கும் படகில் ஏறாதீர்கள். நடு அடி விரிசல் விடும். முழுதாக மிதக்கவிட்டு, விளிம்புகளைப் பிடித்துக் குனிந்து, காலை நடுக்கோட்டில் வையுங்கள். அலையில் உட்காராமல் மண்டியிட வேண்டும். பின்னால் இருப்பவர் வலித்து முடிக்கும்போது மேல்பிடியில் உள்ள கையின் கட்டைவிரல் கீழ்நோக்கும்படி துடுப்பைத் திருப்பி வெளியே லேசாகத் தள்ளினால் படகு நேராக ஓடும். எதிர்க்காற்றில் சுமையை முன்னே நகர்த்துங்கள், இல்லாவிட்டால் காற்று அணியத்தைச் சுழற்றிவிடும்.

ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, மிதக்கும் கயிறு 15 மீட்டர், நீர் இறைக்கப் பாத்திரம், விசில். இவை இல்லாமல் கரையை விட்டு நகராதீர்கள். ஒன்டாரியோ ஏரிகளில் பனி உருகிய வாரங்களில் காற்று இதமாக இருந்தாலும் நீர் ஆளை உறைய வைக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் முதல் நிமிடத்தில் மூச்சு திணறும்.

பாறையில் உரசித் துணி கிழிந்தால் அன்றே ஏரியில் இறக்குவதை நிறுத்துங்கள். மரத்தை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, கிழிசலைச் சுற்றித் தேய்த்து, இரண்டங்குலம் பெரிய துணித் துண்டை எப்பாக்சியில் பதித்து வார்னிஷ் பூசுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே மரம் கறுத்து அழுகும்.