கையெழுத்துக்குப் பிறகு கேட்கும் கருத்து: எல்லை கடந்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 செப்டம்பரில், மேகாங் ஆற்றின் குறுக்கே சயபுரி அணையைக் கட்டப்போவதாக லாவோஸ் தன் அண்டை நாடுகளுக்கு முறைப்படி தெரிவித்தது. கீழ் மேகாங் நாடுகள் நான்கும் 1995-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஆற்றின் முதன்மை ஓட்டத்தில் அணை கட்டுவதற்கு முன் மற்ற நாடுகளைக் கலந்தாலோசிக்க வேண்டும். அந்த நடைமுறை முதன்முறையாகச் சோதனைக்கு வந்தது. மீன்கள் இடம்பெயர்வது, வண்டல் கீழே வந்து சேர்வது, கரையோர மக்களின் பிழைப்பு என்று தாய்லாந்தும் கம்போடியாவும் வியட்நாமும் கேள்விகளை அடுக்கின. ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. 2012 நவம்பரில் கட்டுமானத் தொடக்க விழா நடந்தது. 2019 அக்டோபரில் அணை முழு அளவில் மின்சாரம் தரத் தொடங்கியது.

கலந்தாலோசனை வீண்போகவில்லை. மீன்கள் கடந்து செல்லும் வழியும் வண்டலை வெளியேற்றும் மதகுகளும் அதன் பிறகே திருத்தி வடிவமைக்கப்பட்டன. ஆனால் ‘எப்படிக் கட்டுவது’ என்பதை மாற்ற முடிந்ததே தவிர, ‘இங்கே கட்டலாமா’ என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. இடமும் கொள்ளளவும் முதலீடும் மின்சாரத்தை வாங்குபவரும் முடிவான பிறகு அண்டை நாட்டிடம் கருத்துக் கேட்பதுதான் எல்லை கடந்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டின், அதாவது ஒரு நாட்டின் திட்டம் அண்டை நாட்டில் ஏற்படுத்தக்கூடிய பாதிப்பை முன்கூட்டியே ஆராயும் துறையின், மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. திட்டத்தை வரைபவர் மேசையில் இன்னும் இரண்டு மூன்று மாற்று வழிகள் திறந்திருக்கும்போதே அறிவிப்பு போய்ச் சேர வேண்டும்.

அடுத்தது, ‘எங்கள் திட்டத்தால் உங்களுக்குப் பாதிப்பில்லை’ என்று திட்டம் போடும் நாடே தீர்ப்பு எழுதிக்கொள்வது. டான்யூப் ஆற்றின் கழிமுகத்தில் உக்ரைன் 2004-இல் பிஸ்த்ரோயே கால்வாயை ஆழப்படுத்தும் பணியைத் தொடங்கியது. எதிர்க்கரையில் ருமேனியா. எல்லை கடந்த பாதிப்பு உண்டா என்பதிலேயே இரு நாடுகளுக்கும் உடன்பாடு இல்லை. இத்தகைய பிணக்குக்கென்றே, எல்லை கடந்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்காக 1991-இல் கையெழுத்தாகி 1997-இல் நடைமுறைக்கு வந்த எஸ்பூ உடன்படிக்கையில் ஒரு வழி இருக்கிறது: இரு தரப்பும் சார்ந்திராத விசாரணைக் குழு. அந்தக் குழு, கணிசமான பாதிப்பு ஏற்பட வாய்ப்புண்டு என்று 2006-இல் அறிவித்தது. அதற்குள் தூர்வாரும் வேலை முன்னேறியிருந்தது.

இதே பாடம் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கிடைக்கிறது. நிகரகுவாவைத் தன்னிடமிருந்து பிரிக்கும் சான் ஹுவான் ஆற்றின் ஓரமாகக் கோஸ்டா ரிகா ஒரு சாலை போட்டது. அவசரநிலை என்பதால் மதிப்பீடு தேவையில்லை என்பது அதன் வாதம். சர்வதேச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. சாலையால் நிகரகுவாவுக்குக் கணிசமான கேடு விளைந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: கேடு விளையாமல் போனாலும், ஆபத்து உண்டா என்று முன்கூட்டியே ஆராயாதது தனியொரு தவறு.

ஆய்வுப் பரப்பை வசதிக்கேற்பக் குறுக்குவது மூன்றாவது. சயபுரி அணைக்கான மூல மதிப்பீடு, அணைக்குக் கீழே சுமார் 10 கிலோமீட்டர் வரைதான் பார்த்தது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. மேகாங்கின் வண்டலோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தாண்டி வியட்நாமின் கழிமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. மீன் எவ்வளவு தூரம் நீந்துகிறது, வண்டல் எங்கே படிகிறது, புகை எந்தப் பருவக் காற்றில் எந்தத் திசைக்குப் போகிறது என்பவைதான் ஆய்வின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். திட்டத்துக்கு ஒதுக்கிய நிலத்தின் வேலி அதற்கு அளவுகோல் ஆகாது.

பலரும் மேலோட்டமாகக் கடந்துபோகும் இடம் அடிநிலைத் தரவு. திட்டம் வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது, எத்தனை வகை மீன்கள் இருந்தன என்ற கணக்கு அது. ஒரு நாடு கோடையில் மாதிரி எடுக்கிறது. இன்னொன்று வெள்ளம் வடிந்த பிறகு எடுக்கிறது. ஒருவர் கரையோரத்தில் நீரை மொள்கிறார், மற்றவர் நடு ஆற்றில். இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்தால் எண்கள் ஒன்றோடொன்று பேசவே பேசாது. கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு மழைக்காலத்தில் திசை மாறி ஏரியை நோக்கிப் பாய்கிறது. மழை ஓய்ந்ததும் மறுபடி மேகாங்கை நோக்கித் திரும்புகிறது. அங்கே ஒரே பருவத்தில் எடுத்த அளவை வைத்து என்ன சொல்ல முடியும்? குறைந்தது ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களும் ஆய்வில் வர வேண்டும்.

டான்யூப் நாடுகள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டன. 1994 ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த அவற்றின் ஆணையம், 2001-இல் முதல் கூட்டு ஆய்வை நடத்தியது. ஒரே அறிவியலாளர் குழு கப்பலில் ஆற்றோடு கருங்கடல் வரை இறங்கி, ஒரே முறையில் மாதிரிகள் எடுத்தது. அதன் பின் 2007, 2013, 2019 என்று ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஆய்வு தொடர்ந்தது. தரவு யாருடையது என்ற சண்டைக்கு அங்கே வேலை குறைவு. எந்தத் திட்டமும் முன்மொழியப்படாத அமைதியான ஆண்டுகளில் செய்யப்படும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக எடைபோடுவது இன்னொரு தவறு. ஓர் அணை தாங்கக்கூடியதாகத் தெரியும். பன்னிரண்டு அணைகள் சேர்ந்தால் ஆறு வேறு ஆறாகிவிடும். கீழ் மேகாங் நாடுகளின் கூட்டு அமைப்பான மேகாங் ஆணையத்துக்காக 2010-இல் தயாரான உத்திசார் மதிப்பீடு, முதன்மை ஓட்டத்தில் திட்டமிட்ட அணைகளை மொத்தமாகப் பார்த்து, முடிவுகளைப் பத்து ஆண்டுகள் தள்ளிவைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. நீடித்த வளர்ச்சி பற்றிப் பேசும் அரசுகள் திட்டங்களுக்கு முந்தைய கட்டத்தில், அதாவது கொள்கையும் துறைத் திட்டமும் வகுக்கப்படும்போதே, இத்தகைய மதிப்பீட்டைச் செய்ய வேண்டும். எஸ்பூ உடன்படிக்கையோடு இணைந்த கீவ் நெறிமுறை 2003-இல் உருவானது இதற்காகத்தான்.

எல்லைக்கு அப்பால் உள்ள மக்களுக்கு அவர்கள் மொழியில் அறிக்கை கிடைப்பதும் முக்கியம். சுருக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுக் கருத்துக் கேட்பு முடிந்ததாகக் கணக்குக் காட்டுவது, கேட்காததற்குச் சமம்.

கடைசியாக, அனுமதி கிடைத்ததும் மதிப்பீட்டை அலமாரியில் வைத்துவிடுவது. உருகுவே ஆற்றங்கரையில் காகிதக்கூழ் ஆலைகளுக்கு உருகுவே அனுமதி கொடுத்ததில் அர்ஜென்டினாவுடன் தகராறு மூண்டது. போராட்டக்காரர்கள் எல்லைப் பாலத்தை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மறித்தார்கள். சர்வதேச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் தீர்ப்பளித்தது: அனுமதிக்கு முன் அந்த ஆற்றுக்கான இரு நாட்டுக் கூட்டு ஆணையத்துக்குத் தெரிவிக்காததால் உருகுவே நடைமுறைக் கடமையை மீறியது, ஆறு மாசுபட்டதாக நிரூபிக்கப்படவில்லை. எல்லை கடந்த பெருங்கேட்டுக்கு வாய்ப்புள்ள இடத்தில் மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டத்தின் கடமையாகக் கருதப்படலாம் என்றும், ஆலை இயங்கும் காலம் முழுவதும் கண்காணிப்புத் தொடர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் இரு நாட்டு அறிவியலாளர்களும் சேர்ந்து ஆலையையும் ஆற்றையும் கண்காணிக்க உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது, 1975 ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருந்த அதே கூட்டு ஆணையத்திடம். முதல் அனுமதி வழங்கப்பட்ட நாளிலும் அது அங்கேயேதான் இருந்தது.