வண்டிக்குப் பின் கார்டு அடிக்க எந்த பைப் எடுக்கலாம்?

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் ஏற்றும் ஒரு அண்ணன் போன மாதம் தன் மினி லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பின் கார்டு, அதாவது பின்னால் இடி தாங்க வைக்கும் பைப் தடுப்பு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பெயின்ட் கூட அதிகம் உரியவில்லை. கீழ்ப்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். அட்டையைக் குத்தியதுபோல உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகக் காப்பிப்பொடி மாதிரி துரு கொட்டியது. மூன்று வருஷத்துக்கு முன் அதை அடித்துக் கொடுத்தவன் நான்தான். நாளைக்கே வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தினார், நானும் கையிலிருந்த 16 கேஜ் (சுவர்க் கனம் சுமார் 1.6 மில்லிமீட்டர்) பைப்பைப் போட்டுவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "மக்கா, முன்னால ஒரு கார்டு அடிச்சித் தா" என்று வருகிறவர்களுக்கு நான் இப்போது செய்து கொடுப்பதில்லை. முன்பக்க கிராஷ் கார்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள், மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒரு வண்டி நடந்து போகிறவரைத் தட்டினால், அந்த இரும்புக் குழாய்தான் முதலில் அவர் மேல் படும். கனரக லாரியின் பின் தடுப்பும் வேறு கணக்கு. அதற்கு ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 14812 என்று தனி அளவு இருக்கிறது. குறுக்கே வரும் இரும்புத் தண்டே 100 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது, ஆகவே ஒற்றைப் பைப்பை வளைத்து ஒட்டினால் செல்லாது. நான் இங்கே சொல்வது சின்ன லோடு வண்டிகளின் பின் கார்டைப் பற்றி. அதுவும் நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைக்கக் கூடாது. அடிக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பைப்புக்கு வருவோம். கடையில் "ஒன்றரை இஞ்ச்" என்றால் வெளிவிட்டம் ஒன்றரை இஞ்ச் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்க் குழாய் வகையில் அது உள்ளளவை ஒட்டிய பெயர், வெளியே அளந்தால் 48.3 மில்லிமீட்டர் வரும். இரண்டு இஞ்ச் என்றால் 60.3. ஐ.எஸ். 1239 முத்திரை உள்ள பைப்பில் வண்ணப் பட்டை அடித்திருப்பார்கள்: மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. மினி லாரிக்கு ஒன்றரை இஞ்ச் நீலப் பட்டை போதும், அதன் சுவர்க் கனம் 3.2 மில்லிமீட்டர். சிவப்புப் பட்டை கேட்டு அடம் பிடிக்காதீர்கள். பின் அச்சுக்கு வெளியே தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

பலர் விட்டத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். பெரிய குழாய் சுலபமாக வளையாது என்பது உண்மைதான். ஆனால் சுவர் மெலிந்திருந்தால் இடிபட்ட இடத்தில் டின் போல நசுங்கும். நம் கடற்கரைக் காற்றுக்கு அது தாங்கவும் செய்யாது.

கனத்தை எப்படிச் சரிபார்ப்பது? ஒருமுறை 3 மில்லிமீட்டர் என்று சொல்லி 2.5 மில்லிமீட்டர் பைப்பை ஒரு கடையில் கொடுத்துவிட்டார்கள். வெட்டின முனையில் பிசிறு இருந்ததால் கனம் அளக்கும் வெர்னியர் கருவியும் ஏமாற்றியது. அதற்கப்புறம் தராசில் போடாமல் நான் எடுப்பதில்லை. மில்லிமீட்டரில் அளந்த வெளிவிட்டத்திலிருந்து சுவர்க் கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, பின் 0.02466ஆல் பெருக்குங்கள். ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். ஒன்றரை இஞ்ச் நீலப் பட்டைக்கு 3.56 கிலோ, ஆறு மீட்டர் நீளத்துக்கு 21 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே விட்டத்தில் 16 கேஜ் என்றால் 11 கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தராசில்தான் தெரியும்.

அடுத்து ஜி.ஐ.யா (துத்தநாகப் பூச்சு உள்ளது) கறுப்பு பைப்பா (பூச்சு இல்லாதது) என்று கேட்பார்கள். நான் கறுப்புதான் எடுப்பேன். ஜி.ஐ. துருவுக்கு நல்லதுதான், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், துரு அங்கேதான் தொடங்கும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் பேச்சு. ஜி.ஐ.தான் வேண்டும் என்றால், ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுத்தமாக கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெல்டிங் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் 304 என்ற நல்ல ரகம் என்று சொல்லி 202 என்ற மட்டமான ரகத்தைத் தருவார்கள். புதுப் பைப்பில் காந்தம் வைத்தால் இரண்டிலுமே பெரிதாக ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

வளைக்கும்போது பைப்பின் நீளத்தில் ஓடும் வெல்டிங் கோட்டைப் பாருங்கள். அது வளைவின் வெளிப்பக்கமும் வரக் கூடாது, உள்பக்கமும் வரக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். வளைக்கும் மெஷினான பெண்டர் இல்லையென்றால் மணல் நிரப்பி வளைக்கலாம். மணலைச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவிட்டு, சலித்துப் போடுங்கள். ஒரு முனையில் மரக்கட்டை அடித்து, பைப்பை நிறுத்தி, சுத்தியலால் மேலிருந்து கீழ் வரை தட்டிக்கொண்டே நிரப்ப வேண்டும். தட்டும்போது சத்தம் கணீரென்று இருந்தால் உள்ளே இடம் இருக்கிறது. மொத்தென்று விழுந்தால் நிறைந்துவிட்டது. மணலில் ஈரம் இருந்தால் சூடு காட்டும்போது நீராவி கட்டையைத் துப்பாக்கி போலத் தள்ளிவிடும். முனைக்கு நேராக யாரையும் நிற்கவிடாதீர்கள்.

கார்டை சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டகம்) நேரடியாக வெல்டிங் வைக்க வேண்டாம், சூடு பட்டால் அதன் பலம் கெடும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் தலையில் 8.8 என்ற பல முத்திரை உள்ள போல்ட் போட்டு முறுக்குங்கள். வண்டியில் எந்த இடத்தில் வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி வயர்களைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, அந்த அண்ணன் வண்டியில் நான் விட்ட தவறு. முனைகளை மூடினேன், ஆனால் கீழே துளை போடவில்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. போதாததற்கு ஆனி ஆடி மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் நமக்கு உண்டு. வெல்டிங்கில் விட்ட ஊசி ஓட்டை வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் நின்றது. இந்த முறை நீலப் பட்டை பைப், மூட்டுகளில் முழுச் சுற்று வெல்டிங், மிகத் தாழ்ந்த இரண்டு இடங்களில் 8 மில்லிமீட்டர் துளை. உள்ளே துருத் தடுப்பு ஆயில் ஊற்றி, பைப்பைச் சாய்த்துச் சாய்த்து எல்லாப் பக்கமும் ஓடவிட்டேன். வெளியே துருத் தடுப்பு அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன்மேல் பெயின்ட். துளையைப் பெயின்ட் அடைக்காமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகி வைத்து, காய்ந்தபின் உருவினேன்.