ஆவரசு நடும்போது விடக்கூடாத பிழைகள்

போன புரட்டாதியில் பக்கத்து வளவுத் தம்பி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் முப்பது ஆவரசங்கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் இடுப்பளவு உயரம், சிலவற்றில் பூவும் இருந்தது. "அண்ணை, இனி வேலிப் பிரச்சினை முடிஞ்சுது" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் மாங்குளத்தில் நானும் இதே மாதிரிக் கன்றுகளைத்தான் தேடி வாங்கினேன்.

தமிழ்நாட்டில் ஆவாரை, சிங்களத்தில் ரணவரா. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னி காய்ந்து கிடக்கும்போதும் இது பச்சையாக நிற்கும். அதனால் எப்படி நட்டாலும் வரும் என்று நம்பிவிடுகிறோம்.

பையில் முற்றிய கன்றை வாங்குவது

நான் வாங்கியது நாற்பது. இருந்ததில் உயரமானவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஐப்பசி மழையோடு நட்டேன், மாரியில் நன்றாகத் தழைத்தன. முதல் கோடையில் தண்ணீர் ஊற்றியதால் தப்பின. அடுத்த கோடையில், வறட்சி தாங்கும் செடிதானே என்று நிறுத்தினேன். ஆடியில் சோளகக் காற்று அடிக்க ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், முள்ளங்கி மாதிரிக் கையோடு வந்தது. வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. இரண்டு மாரி மழை பெய்தும் அந்த ஆணிவேர் கீழே இறங்கவே இல்லை. நாற்பதில் மிஞ்சியது ஒன்பது. இருபது அடி தள்ளி ரோட்டுக்கரையில், யாரும் தண்ணீர் காட்டாத ஆவரசு அதே நாளில் பூத்து நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இந்தச் செடியின் பலமே ஆணிவேர்தான். முளை விரலளவு வளரும் முன்பே வேர் அதைவிட நீளமாகக் கீழே போய்விடும். பையின் அடி தட்டினால் வளைந்து சுற்றத் தொடங்கும். காட்டுக்கரைச் செடியை அலவாங்கு போட்டுக் கிண்டி எடுப்பதும் இதே கதைதான், ஆணிவேர் அறுந்துவிடும்.

நட வேண்டிய இடத்திலேயே விதையைப் போடுங்கள். பழுப்பாகக் காய்ந்த நெற்றில் இருந்து எடுத்த விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அது ஆறியபின் இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊதியவற்றை மழை தொடங்கியதும் இரண்டு மூன்றடிக்கு ஓரிடமாக, இடத்துக்கு மூன்று விதை வீதம் ஊன்றி, பிறகு வலுவான ஒன்றை மட்டும் விடலாம். பைக்கன்றுதான் வேண்டுமென்றால் சின்னதாக எடுங்கள். அடித்துளையால் வேர் எட்டிப்பார்த்தால் வேண்டாம்.

தம்பியின் பைகளை இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம். பதினொன்றில்தான் வேர் நேராக இருந்தது. மீதி இடங்களுக்கு விதை போட்டோம்.

தினமும் தண்ணீர்

மேலாக நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். முதல் கோடையில் மட்டும் கிழமைக்கு ஒருமுறை ஆழமாக ஊறும்படி விடுங்கள். அப்புறம் நிறுத்துங்கள்.

பள்ளத்தில் நடுவது

வயற்கரையில் மாரித் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். செம்மண் மேடோ கிரவல் நிலமோ போதும்.

யூரியா

வேண்டாம்.

புழுவுக்கு மருந்தடிப்பது

இலையைத் தின்னும் பச்சைப் புழு, வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. மொட்டையடித்தாலும் செடி திரும்பத் தழைக்கும். மருந்து வண்டையும் கொல்லும். ஆவரசம்பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகத்தான் வண்டு வரும். உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும். வண்டு வராவிட்டால் நெற்று குறையும், அடுத்த வேலிக்கு விதைக்கு எங்கே போவது?

வெட்டப் பயப்படுவது

விட்டால் அடி மொட்டையாகி, மேலே மட்டும் தழை நிற்கும். வேலிக்கு அது உதவாது. பூத்து முடிந்ததும் முழங்காலளவுக்கு வெட்டுங்கள், அடியில் இருந்து அடர்த்தியாக வரும். வெட்டிய குழையை எரிக்காமல் தோட்டப் பாத்திக்குள் தாழ்த்துங்கள், நல்ல பசளை.