பாப்டிஸ்ட் போதகர்களுக்குள் பிணக்கு வரும்போது செய்யக்கூடாதவை

பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் இல்லை, பல சபைகளை ஆளும் மன்றமான சினாடு இல்லை. இரண்டு போதகர்களுக்குள் உபதேசத்திலோ நடைமுறையிலோ பிணக்கு வந்தால், மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கத்தினர்கள் கூடும் சபைக்கூட்டத்தின் முடிவே அந்தந்தச் சபைக்கு முடிவு. இந்த ஒழுங்கு வேதத்திலிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள், அதற்கு ஏற்றபடி பிணக்கைத் தீர்க்கவும் பழக வேண்டும். ஆனால் சமாதான காலத்தில் சுயாதீன சபை என்று சொல்லிக்கொள்ளும் நாம், சண்டை வந்ததும் பேராயர் வேலை பார்க்க ஒருவரைத் தேடுகிறோம். இல்லாவிட்டால், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சபைகள் உடைவதற்கு உபதேச வேறுபாட்டைவிட அதைக் கையாண்ட விதமே அதிகக் காரணம் என்பது எங்கள் கருத்து.

சங்கத்தை நீதிமன்றமாக நினைப்பது

1677இல் எழுதப்பட்டு, 1689இல் லண்டனில் கூடிய சபைப் பிரதிநிதிகள் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கை, 26ஆம் அதிகாரத்தின் கடைசிப் பத்தியில் எல்லையை வரைந்துவிட்டது. ஒரு சபையில் உபதேசச் சிக்கல் எழுந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கையில் ஒருவருக்கு அநியாயம் நேர்ந்தாலோ, பல சபைகளின் தூதர்கள் கூடி ஆராய்ந்து ஆலோசனை சொல்லலாம். அந்த ஆலோசனை சம்பந்தப்பட்ட சபைகள் எல்லாவற்றுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். ஆனால் கூடினவர்களுக்குச் சபைகளின்மேல் ஆளுகை கிடையாது. தங்கள் முடிவை அவர்கள் திணிக்க முடியாது.

அப்படியானால், சபைகள் சேர்ந்து அமைக்கும் சங்கத்தின் கையில் என்னதான் இருக்கிறது? ஆலோசனை சொல்லலாம், கேட்காத சபையோடு ஐக்கியத்தை விலக்கிக்கொள்ளலாம். 1707இல் 5 சபைகளோடு தொடங்கிய பிலதெல்பியா சங்கம் 1749இல் இதை எழுத்தில் வைத்தது. நம் காலத்திலும் இதே நடைமுறைதான். 2023இல் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், பெண் போதகர் விஷயத்தில் கலிபோர்னியாவின் சேடில்பேக் சபையை ஐக்கியத்திலிருந்து விலக்கியது. சபையின் மேல்முறையீடு நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் தோற்றது. ஆனாலும் அந்தச் சபையின் கட்டடத்தையோ போதகரையோ தொடும் உரிமை கன்வென்ஷனுக்கு இருக்கவில்லை.

ஆகவே, “எங்கள் போதகரை நீக்கித் தாருங்கள்” என்று சங்கத் தலைவரிடம் மனு கொடுப்பது தவறு. தலைவர் அதை ஏற்று நடவடிக்கை எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. சரியான வழி இது. பிரச்சினையில் உள்ள சபை, தன் சபைக்கூட்டத்தின் தீர்மானத்தோடு மூன்று வெளிப் போதகர்களை அழைக்கட்டும். அவர்கள் வெவ்வேறு சபைகளிலிருந்து வரட்டும்; இரு தரப்புக்கும் உறவினராகவோ, அந்தச் சபையின் காணிக்கையில் ஆதாயம் பெறுகிறவராகவோ இருக்கக்கூடாது. இரு தரப்பும் தங்கள் நிலையை இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கட்டும். போதகர்மேல் குற்றச்சாட்டு என்றால், 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறபடி இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் அதை எடுத்துக்கொள்ளவே கூடாது. குழுவின் ஆலோசனையைச் சபைக்கூட்டத்தில் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது: சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் அறிக்கையைப் படித்துவிட்டு, சபைக்குச் சுருக்கிச் சொல்கிறார்கள். விட்டுப்போன பகுதி என்ன என்ற சந்தேகமே அடுத்த சண்டைக்கு விதையாகிறது.

எதில் வேறுபடலாம் என்று எழுதி வைக்காதது

1689 அறிக்கையை ஏற்ற சபைகள் எல்லாம் ஒரே மனதாய் இருந்தன என்று நினைத்துவிடக்கூடாது. விசுவாசியாக ஞானஸ்நானம் பெறாதவரைக் கர்த்தருடைய பந்தியில், அதாவது திருவிருந்தில், சேர்க்கலாமா என்பதில் கடும் வேறுபாடு இருந்தது. சேர்க்கலாம் என்று பெட்ஃபோர்டின் ஜான் பனியன் 1673இல் எழுதினார். கூடாது என்று லண்டன் போதகர் வில்லியம் கிஃபின் 1681இல் விரிவாக மறுத்தார். இந்த வாதம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அறிக்கை உருவானது. அதை எழுதியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இப்படிப்பட்ட காரியங்களில் தங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, ஆகவே வேண்டுமென்றே அதை அறிக்கையில் சேர்க்கவில்லை என்று பின்னிணைப்பில் வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்த வெளிப்படைத்தன்மைதான் நம்மிடம் இல்லாதது. எழுதாமல் விட்ட விஷயத்தில் ஒவ்வொரு போதகரும் தன் வழக்கமே எல்லாருடைய வழக்கமும் என்று நினைத்துக்கொள்கிறார். வருடாந்தரக் கூட்டத்தின் கடைசி நாளில் திருவிருந்து பரிமாறும்போது குட்டு உடைகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகள் அடிக்கடி வரும். சிஎஸ்ஐ, லுத்தரன் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் குழந்தைப் பருவத்தில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் பந்தியில் சேரலாமா? அங்கத்தினராக முழுக்கு ஞானஸ்நானம் கட்டாயமா? பெந்தெகொஸ்தே சபையில் விசுவாசியாக முழுகினவர் திரும்பவும் எடுக்க வேண்டுமா? குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் போதகரைப் பிரசங்க பீடத்தில் ஏற்றலாமா?

சங்கத்தில் சேரும் சபைகள் ஒரே ஒரு தாளில் மூன்று காரியங்களை எழுதிக் கையெழுத்திட்டால் போதும். சங்கத்தில் இருக்க எதை விசுவாசிக்க வேண்டும் என்பது முதலாவது. எதை அந்தந்தச் சபையின் முடிவுக்கு விட்டிருக்கிறோம் என்பது இரண்டாவது. கூட்டு ஊழியத்தில் மட்டும், அதாவது முகாம், கன்வென்ஷன், பொதுத் திருவிருந்து ஆகியவற்றில், எந்த முறையைப் பின்பற்றுவோம் என்பது மூன்றாவது. முதல் பட்டியலைக் கால்வினியம், கடைசிக்காலப் போதனை, வேதாகம மொழிபெயர்ப்பு என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அங்கே எழுதும் ஒவ்வொரு வரிக்காகவும் ஒரு சபையை வெளியே அனுப்ப நாம் ஆயத்தமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அதே சமயம், சண்டைக்குப் பயந்து முதல் பட்டியலை வெறுமையாக விடுவதும் ஆபத்து. அதற்கு 1887 சாட்சி.

ஆளின் பெயரும் அவர் சொன்ன வாக்கியமும் இல்லாத குற்றச்சாட்டு

1887இல் லண்டன் பாப்டிஸ்ட் போதகர் சார்ல்ஸ் ஸ்பர்ஜன், தன் மாத இதழில் போதகர்கள் பலர் சுவிசேஷத்தின் அடிப்படைகளை விட்டு விலகுகிறார்கள் என்று எச்சரித்தார். வேதத்தின் ஏவுதல், கிறிஸ்துவின் பாவநிவாரண பலி, நித்திய ஆக்கினை ஆகியவை மறுக்கப்படுகின்றன என்பது அவர் கவலை. அக்டோபர் 28 அன்று, பிரிட்டனின் பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்த பாப்டிஸ்ட் யூனியனிலிருந்து விலகினார். யார் யார் அப்படிப் போதிக்கிறார்கள் என்று யூனியன் கேட்டது. அவர் பெயர் சொல்லவில்லை. யூனியன் செயலரே தனிப்பட்ட கடிதங்களில் அவரிடம் கவலை தெரிவித்திருந்தார். ஆனால் அந்தக் கடிதங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை. 1888 ஜனவரியில் யூனியன் கவுன்சில் அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

ஸ்பர்ஜன் கவலைப்பட்டது சரியான காரியத்துக்காகவே என்று நாங்கள் நம்புகிறோம். யூனியனில் சேர முழுக்கு ஞானஸ்நானத்தைத் தவிர வேறு உபதேச அடிப்படை எழுத்தில் இல்லை. ஆகவே ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினாலும் எந்த அளவுகோலால் அவரை அளப்பது என்பதே பெரிய சிக்கல். 1888 ஏப்ரலில் ஓர் உபதேச அறிவிப்பு 2000க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. ஸ்பர்ஜனின் சகோதரர் ஜேம்ஸே அதை வழிமொழிந்தார். ஸ்பர்ஜன் கேட்டது கிடைத்துவிட்டது என்று சிலர் வாக்களித்தார்கள். அவர்மேலான கண்டனம் உறுதியானது என்று வேறு சிலர் வாக்களித்தார்கள். அவரோ திரும்பி வரவேயில்லை. 1892 ஜனவரியில் இறந்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை நிறைய இருக்கிறது. “சில போதகர்கள்” என்று பிரசங்கத்தில் சாடாதீர்கள். கேட்கிற ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத ஒருவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்வார். போதனையில் தவறு கண்டால், அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே, எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அவரையே சந்தித்து, “நீங்கள் சொன்னது இதுதானா, ஐயா?” என்று கேளுங்கள். பாதிச் சண்டை இந்தக் கேள்வியிலேயே முடிந்துபோகும். ரகசியம் காக்கச் சொல்லித் தகவல் தருகிறவரிடம், “இதை உங்கள் பெயரோடு சொல்ல ஆயத்தமா?” என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் அந்தத் தகவலை வைத்து எதுவும் தொடங்காதீர்கள். இரு தரப்பும் இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய சமரசத் தீர்மானத்தை, பெரும்பான்மை கிடைக்கிறது என்பதற்காக நிறைவேற்றாதீர்கள். வாக்கெடுப்புக்கு முன் இரு தரப்பிலும் ஒருவரை எழுப்பி, இந்த வரிக்கு என்ன பொருள் என்று சபைமுன் சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் பரப்பிவிட்டுப் பிறகு பேசுவது

ஆராதனையில் சபையார் சேர்ந்து பாடலாமா என்பதே ஒரு காலத்தில் பாப்டிஸ்டுகளைப் பிரித்த கேள்வி. லண்டன் ஹார்ஸ்லிடவுன் சபையின் 17ஆம் நூற்றாண்டுப் போதகர் பெஞ்சமின் கீச், முதலில் திருவிருந்தின் முடிவில் மட்டும் பாட வைத்தார். சில வருடங்களுக்குப் பின் ஸ்தோத்திர நாட்களில். வாராவாரம் பாடும் நிலைக்கு வர ஏறக்குறைய 20 வருடங்கள் ஆயின. பிடிக்காதவர்கள் பிரசங்கம் முடிந்ததும், பாட்டுக்கு முன் எழுந்து போகவும் இடம் கொடுத்தார்கள். இத்தனை பொறுமைக்குப் பிறகும் ஒரு கூட்டம் பிரிந்து மேஸ் பாண்ட் சபையைத் தொடங்கியது. பிற்காலத்தில் அந்தச் சபையும் பாடத் தொடங்கியது.

கீச்சும், பாட்டை எதிர்த்த ஐசக் மார்லோவும் மாறிமாறிப் புத்தகம் போட்டுத் தாக்கிக்கொண்டார்கள். 1692இல் சபைப் பிரதிநிதிகளின் பொதுக்கூட்டம் நியமித்த குழு, பாடுவது சரியா தவறா என்ற கேள்வியைத் தொடவில்லை. இரு தரப்பும் எழுதிய கடுஞ்சொற்களை எடுத்துக்காட்டிக் கடிந்துகொண்டது. அந்தப் புத்தகங்களைச் சபையார் வாங்கவோ பரப்பவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

இன்றைக்கு இந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. மத்தேயு 18:15 தனிமையில் தொடங்கச் சொல்கிறது. போதகர் ஐக்கியக் குழுவில் போட்ட குரல்பதிவு ஒரு மணி நேரத்தில் விசுவாசிகளின் கைகளில் இருக்கும். ஆகவே, விசாரணை தொடங்கியதும் இரு தரப்பும், முடியும்வரை பொதுவில் பேசுவதில்லை என்று ஒப்புக்கொள்ளட்டும். அதற்கு 30 நாள், 60 நாள் என்று கெடுவும் வைக்கட்டும். கெடு இல்லாத மௌனம் விஷயத்தை மூடி மறைக்கவே உதவும்.

நட்பை நம்பிச் சொத்தை எழுதாமல் விடுவது

இந்தியாவுக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனெரி வில்லியம் கேரியின் நண்பர்களைவிட நெருக்கமான போதகர் வட்டத்தைக் காண்பது அரிது. அவர்களுடைய இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் சங்கம் 1784இல் மாதந்தோறும் ஒரு திங்கட்கிழமை கூடி ஜெபிக்க அழைத்தது. அந்த ஐக்கியத்திலிருந்துதான் 1792 அக்டோபரில் கெட்டரிங்கில் 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வாக்களிப்போடு மிஷனெரிச் சங்கம் பிறந்தது. அதன் செயலர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த கமிட்டிக்கும், வங்காளத்தின் செராம்பூரில் கேரியோடு இருந்த ஊழியர்களுக்கும், செராம்பூரின் சொத்து யாருடைய பொறுப்பு என்ற கேள்வியில் மனக்கசப்பு முற்றியது. 1827இல் பிரிந்தார்கள், 1837இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் கேரி இறந்துவிட்டார்.

நம் சபைகளில் நிலம் போதகர் பெயரிலோ, தொடக்க விசுவாசி ஒருவர் பெயரிலோ இருப்பது சகஜம். அவர் உயிரோடிருக்கும்போதே டிரஸ்ட் பத்திரமோ, 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவோ செய்து சபையின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சபை இரண்டானால் சொத்து எந்தப் பகுதிக்கு, எந்த விசுவாச அறிக்கையைப் பற்றி நிற்பவர்களுக்கு என்பதும் அந்தப் பத்திரத்தில் இருக்கட்டும்.

சபைக்கூட்டத்தில் நடக்கும் சில்லறைத் தவறுகள்

அங்கத்தினர் பட்டியலைச் சண்டை நடுவில் திருத்தாதீர்கள். கூட்டத்தின் பொருளை இரண்டு ஞாயிறு முன்பே அறிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்ட போதகரே தலைமை வகிக்கக்கூடாது. போதகரை நீக்க மூன்றில் இரண்டு பங்கா, நான்கில் மூன்றா என்பதை முன்கூட்டியே விதியில் எழுதுங்கள்.

வேறு சபையிலிருந்து மனம் நொந்து வருகிறவரை அடுத்த ஞாயிறே அங்கத்தினராக்குவது, போதகர்களுக்குள் பகை மூட்டும் நிச்சயமான வழி. முதலில் பழைய போதகருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பிறகு மாற்றுக் கடிதம்: அதில் ஞானஸ்நானத் தேதி, அங்கத்தினரான வருடம், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உண்டா என்ற விவரம் இருக்க வேண்டும். பழைய சபை கடிதம் தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், இரு தரப்பையும் கேட்டறிந்த பிறகு உங்கள் சபைக்கூட்டமே முடிவெடுத்து, அந்த முடிவைப் பழைய சபைக்கும் கடிதமாக அனுப்பட்டும்.