நீளமான ஆங்கிலச் சட்டச் சொற்கள்: எங்கே அழுத்துவது?

வீட்டில் கிரியோல், பேப்பரில் பிரெஞ்சு, சுப்ரீம் கோர்ட்டில் ஆங்கிலம். மொரீஷியஸில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் பாடு இதுதான். போன வாரம் ரோஸ் ஹில்லில் அக்கா மகள் ஒரு தீர்ப்பை உரக்கப் படித்தாள். ஜூரிஸ்டிக்ஷன் (நீதிமன்றத்தின் அதிகார வரம்பு) என்ற சொல் வந்ததும் கடைசி "ஷன்" மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் காலை வாரிவிடும்.

முதலில் அசை பிரிக்க வேண்டும். யாப்பில் படித்த நேர், நிரையை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே "கட" ஒரே அசை, இங்கே இரண்டு. உயிரொலி எத்தனையோ அத்தனை அசை. மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: ஜூ-ரிஸ்-டிக்-ஷன். நான்கு முறை கையில் இடிக்கும்.

அடுத்து, வாலைப் பாருங்கள். "ஷன்" என்று முடிந்தால் அதற்கு முந்தின அசையை அழுத்த வேண்டும்: ஜூ-ரிஸ்-'டிக்-ஷன், ப்ரா-ஸி-'கியூ-ஷன் (குற்ற வழக்கு நடத்துவது). (மேல்குறிக்கு அடுத்து வருவதுதான் அழுத்தும் அசை. அகராதியிலும் அப்படித்தான்.)

"இட்டி" (-ity) வால்தான் வேடிக்கையானது. 'லை-அ-பிள் (பொறுப்புள்ள) என்பதில் முதல் அசையில் இருந்த அழுத்தம், வால் ஒட்டியதும் இடம் மாறிவிடும்: லை-அ-'பி-லி-டி. கடைசியிலிருந்து எண்ணினால் எப்போதும் மூன்றாவது. அட்-மி-ஸி-'பி-லி-டி (சாட்சியமாக ஏற்கத்தக்க தன்மை) என்பதும் அப்படியே. பிரெஞ்சில் இதே வாலுள்ள சொற்கள் "தே" என்று கடைசியில் ஓங்கி முடியும். நம் ஆட்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

சரி, மற்ற அசைகளை என்ன செய்வது? எல்லா அசைக்கும் சம கூலி கொடுப்பது தமிழ் நாக்கின் குணம். "பாக்கு" என்னும்போது கடைசி உகரம் குறுகுகிறதே, குற்றியலுகரம், அதுபோல அழுத்தமில்லாத உயிர்களைக் குறுக்கிவிடுங்கள். "ஷன்" கிட்டத்தட்ட "ஷ்ன்" ஆகிவிட வேண்டும்.

எல்லாச் சொல்லுக்கும் வால் உதவாது. ஆ-ஃபி-'டே-விட் (பிரமாணப் பத்திரம்), 'டெஸ்-டி-ம-னி (சாட்சியம்) போன்றவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'கான்-விக்ட் என்றால் குற்றவாளி. கன்-'விக்ட் என்றால் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது.

கான்ஸ்டிடியூஷனாலிடி (அரசியலமைப்புக்கு உட்பட்டிருப்பது) போன்ற ரொம்ப நீளமான சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் 'னா-லி-டி. அப்புறம் ஷ-'னா-லி-டி. அப்புறம் டியூ-ஷ-'னா-லி-டி. கடைசியில் முழுசாக, கான்-ஸ்டி-டியூ-ஷ-'னா-லி-டி. அக்கா மகள் நாலாவது தடவையில் பிடித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து அக்கா அசைகளை எண்ணிச் சொன்னாள்: "ஏழு."