இலக்கிய வகுப்பில் வாசிப்பும் கட்டுரையும் தேங்கிப் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரைக்குக் குறைந்த மதிப்பெண் வந்தால், "எனக்கு எழுத வரவில்லை" என்றுதான் இலக்கிய மாணவர்கள் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. சில வாரங்களுக்கு முன்பு அந்த நூலைப் படித்தபோது கையில் பென்சில் இல்லை, அவ்வளவுதான். படிப்பது ஒரு வேலை, எழுதுவது வேறொரு வேலை என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் மூலத் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் திட்டமிடுவதைப் பார்ப்போம். செமஸ்டர் தொடங்கியதும் பாடத்திட்டத்தில் எத்தனை நூல்கள் என்று எண்ணிவிட்டு, "சமாளித்துவிடலாம்" என்று மூடி வைத்துவிடுகிறோம். எண்ண வேண்டியது நூல்களை அல்ல, பக்கங்களை. பக்கங்களைவிட முக்கியமாக, அடர்த்தியை. 400 பக்க நாவலுக்கு இரண்டு வாரம் என்றால் நாளுக்கு 29 பக்கம் போதும். மூன்று நாள் விட்டுவிட்டால் அது 36 ஆகிவிடும். கவிதைக்கு இந்தக் கணக்கே செல்லாது. ஐந்து அடிப் பாடலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேண்டும். நாடகத்தை மனதுக்குள் ஓட்டிப் படித்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதே நழுவிவிடும். ஒரு காட்சியையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்ற நம் கணிப்பையும் நம்ப வேண்டாம். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். முடித்தபோது 55 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. மனித மனம் எல்லாம் சரியாக நடக்கும் நாளை வைத்தே கணக்குப் போடுகிறது. ஆகவே கட்டுரைக்கு நான்கு நாள் போதும் என்று தோன்றினால் ஆறு அல்லது ஏழு நாள் ஒதுக்குங்கள். எந்தெந்தக் கட்டுரைகளின் கடைசித் தேதி ஒரே வாரத்தில் வந்து விழுகிறது என்பதையும் முதல் வாரத்திலேயே பார்த்து வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பின்தங்க நேரலாம். அப்போதுதான் நல்ல மாணவர்கள்கூட ஒரு தவறு செய்கிறார்கள்: விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள். வகுப்பு ஆறாவது நூலில் இருக்கும், இவர்கள் நான்காவதில் இருப்பார்கள். விவாதம் புரியாது, நான்காவதைப் பற்றிப் பேசவும் யாரும் இருக்க மாட்டார்கள். செமஸ்டர் முழுக்க இரண்டு வாரம் பின்னாலேயே நடப்பதைப் போலக் களைப்பூட்டுவது வேறில்லை. விட்டதை அப்படியே விட்டுவிட்டு, இந்த வார நூலுக்கு வந்துவிடுங்கள். பழைய நூலின் முக்கியமான பகுதி எது என்று வகுப்புத் தோழர் ஒருவரிடம் கேட்டு, கிடைக்கும் இடைவெளியில் அதைப் படித்துக்கொள்ளலாம். கட்டுரைக்கு அந்த நூல்தான் வேண்டும் என்றால் மட்டும் முழுமையாகத் திரும்பிப் போங்கள்.

கதைச்சுருக்கம், கைடு, இப்போது செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கம் என்று குறுக்குவழிகள் நிறைய இருக்கின்றன. பெரிய நாவலுக்குள் நுழையும் முன் பாத்திரங்களின் பெயரும் உறவும் தெரிந்துகொள்ள அவை உதவும். அதோடு சரி. என்ன நடந்தது என்பதைத்தான் சுருக்கம் சொல்லும். எப்படிச் சொல்லப்பட்டது என்பதைத்தான் இலக்கியக் கட்டுரை கேட்கும். சொல் தேர்வு, மௌனம், வரிசை, யார் குரல் என்பதெல்லாம் சுருக்கும்போது முதலில் உதிர்ந்துவிடுபவை.

சரி, நூலையே படிக்கிறோம். அப்போதும் ஹைலைட்டர் ஒன்று ஏமாற்றும். பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடும், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏன் கோடு போட்டோம் என்று நமக்கே தெரியாது. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சொல்லாவது எழுதுங்கள்: "ஏன் திடீரென்று நிகழ்காலம்?", "இவள் பெயரே வரவில்லை". கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. நூலக நூல் என்றால் பக்க எண்ணோடு ஒரு நோட்டில். அப்புறம், ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து நான்கைந்து வரி எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நின்றது. திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மட்டுமே சாதகம் இருந்தது. தெரிந்துவிட்டது என்ற உணர்வு எவ்வளவு பொய்யானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பதைப் படிக்காமல், இருக்கும் என்று எதிர்பார்ப்பதைப் படிப்பது. கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் வகுப்பில் ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். வந்த பதில்களை 1929இல் நூலாக்கினார். நன்கு படித்தவர்களே நேர்ப்பொருளைத் தவறவிட்டிருந்தார்கள். பலர் ஏற்கெனவே மனதில் தயாராக இருந்த உணர்ச்சியைக் கவிதையின் மேல் ஏற்றியிருந்தார்கள்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம், குறுந்தொகை 40. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமைக்குப் பேர் போனது. பாடியவருக்கே செம்புலப்பெயல்நீரார் என்று அதுதான் பெயராயிற்று. கட்டுரை கேட்டால் பத்தில் ஒன்பது பேர் அந்த உவமையின் அழகைப் பாராட்டி இரண்டு பக்கம் நிரப்புவார்கள். ஆனால் பாடலில் ஐந்து அடிகள். அவற்றில் முதல் மூன்றும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் யார் யாரோ? என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு? நானும் நீயும் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம்? நிதானமாகப் படிக்கும் மாணவர் ஓரத்தில் "மூன்று கேள்வி, ஏன்?" என்று குறித்திருப்பார். யார், எந்தச் சூழலில் சொன்னது என்று பாடலோடு தரப்படும் கூற்றுக்குறிப்பு, பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சியதைக் கண்டு தலைவன் சொன்னது என்கிறது. அந்த ஓரக்குறிப்பிலிருந்து ஒரு வாதம் பிறக்கிறது: இந்தப் பாடல் காதலைக் கொண்டாடுவதோடு நிற்கவில்லை, ஓர் அச்சத்துக்குப் பதிலும் சொல்கிறது, முன்பின் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அவனே முதலில் ஒப்புக்கொள்வதால்தான் கடைசியில் "கலந்தனவே" என்ற சொல்லுக்கு அந்த உறுதி வருகிறது.

"இப்பாடல் காதலின் மேன்மையைப் பேசுகிறது" என்பது தலைப்பு. அதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதனாலேயே அதை வைத்து மேலே நகர முடியாது. மேலே சொன்னது வாதம். ஒருவர் மறுக்கலாம்: கூற்றுக்குறிப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது, அதை நம்பி எப்படி இப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கலாம். அந்த மறுப்பையும் கட்டுரையிலேயே எடுத்துக்கொண்டு, குறிப்பை நீக்கினாலும் மூன்று கேள்விகள் அங்கேயே இருக்கின்றன என்று பதில் சொன்னால் கட்டுரை பலம் பெறும்.

எழுத உட்கார்ந்த பிறகு வரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னுரையை முதலில் எழுதாதீர்கள். "மனித வாழ்வில் இலக்கியம்" என்று தொடங்கிப் பாதி இடம் போய்விடும். எதைச் சொல்லப் போகிறோம் என்பது எழுதி முடித்தால்தான் நமக்கே தெளிவாகும், முன்னுரை அதற்குப் பிறகு. ஆசிரியரின் பிறப்பு, விருதுகள் எதுவும் வாதத்துக்கு உதவாவிட்டால் வேண்டாம். படித்தவருக்குக் கதையைத் திரும்பச் சொல்லாதீர்கள். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவது மிகப் பரவலான குறை. மேற்கோள் ஒரு வரி என்றால் அதைப் பற்றிய உங்கள் பேச்சு குறைந்தது மூன்று வரியாவது இருக்கட்டும். எடுத்த இடத்தின் பக்க எண்ணை அப்போதே எழுதிவிடுங்கள். நள்ளிரவில் ஒரு வரியைத் தேடி நூல் முழுக்கப் புரட்டுவது, அதைவிட மோசமாக, எது நம் சொல், எது விமர்சகரின் சொல் என்று தெரியாமல் கலந்துவிடுவது, இரண்டுமே குறிப்பெடுக்கும்போது காட்டிய அவசரத்தால் வருபவை. கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டில் இப்படி, திருடும் எண்ணமே இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

ஆசிரியரிடம் போகும் நேரத்திலும் தவறு நடக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் போய் "கூடுதல் நாள் வேண்டும்" என்று கேட்டால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பத்து நாள் முன்பே உங்கள் வாதத்தை இரண்டு வரியில் எழுதி, ஆதாரமாக எடுத்த பத்தியையும் காட்டி, "இது நிற்குமா?" என்று கேளுங்கள். வாதம் நிற்காது என்று அவர் சொன்னாலும் மாற்றி எழுத நாள் இருக்கும்.